கம்பியில்லாத் தொடர்பில் பிழையைத் திருத்துவதா, திரும்ப அனுப்பச் சொல்வதா?

வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் இருக்கும் ஒரு தம்பி, பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர், கேட்டிருக்கிறார்: "லண்டனில் இருக்கிற பெரியப்பாவோடு வைஃபையில் கதைக்கும்போது குரல் வெட்டி வெட்டி வருகிறது. அதே அறையில், அதே ரவுட்டரில் இறக்கிய 2 ஜிபி கோப்பில் ஒரு பிட் கூடப் பிழையாவதில்லை. இது எப்படி? பிழை திருத்தும் குறியீடு இருக்கும்போது மீள அனுப்புதல் எதற்கு? மீள அனுப்பலாம் என்றால் குறியீடு எதற்கு? வாய்க்காலின் நீர்மட்டத்தை அளந்து, குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் போகும் லோரா ரேடியோவில் அனுப்பும் செயற்திட்டம் ஒன்று செய்கிறேன். அதில் எதை வைப்பது?"

ஆறுதலாகவே பதில் சொல்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துப் படித்தால் கடைசிவரை குழப்பம்தான்.

புறக்கோட்டை மொத்தக் கடைக்குப் போனில் சாமான் சொல்கிறவர்களைக் கவனியுங்கள். "பருப்பு 25 கிலோ, சீனி 50, மா 40, எல்லாமாக 115" என்பார்கள். அந்த 115 வாங்குகிற சாமான் இல்லை, சரிபார்ப்பதற்காகச் சொன்ன மேலதிக எண். தெருவில் லொறி ஹோர்ன் அடித்து, 25 என்றது 15 என்று காதில் விழுந்தால் கூட்டுத்தொகை 105 ஆகிவிடும். எங்கோ பிழைத்துவிட்டது என்று கடைக்காரருக்குத் தெரியும், எங்கே என்று தெரியாது. "ஒருக்கா திரும்பச் சொல்லுங்கோ" என்பார். பிழையைக் கண்டுபிடித்து மீள அனுப்பக் கேட்கும் வழி இதுதான். வைஃபையில் தரவு சிறு சிறு பொதிகளாகப் போகும். ஒவ்வொரு பொதியின் வாலிலும் இப்படி ஒரு சரிபார்ப்பு எண் 32 பிட்டில் ஒட்டிக்கொண்டு போகிறது. சிஆர்சி என்று படித்திருப்பீர்கள். தாறுமாறாகக் குழம்பிய ஒரு பொதி தற்செயலாக அந்தச் சோதனையில் தேறிவிட வாய்ப்பு ஏறத்தாழ 430 கோடிக்கு ஒன்று. உங்கள் கோப்பு பிழையில்லாமல் வந்து சேர்வதற்கு அடித்தளம் இங்கே இருக்கிறது.

மற்ற வழி வேறு மாதிரி. "பம்பலப்_ட்டி" என்று ஓர் எழுத்து அழிந்த பலகையை பஸ்ஸில் கண்டால், யாரையும் கேட்காமலே வாசித்துவிடுகிறோம். அந்த இடத்தில் "பி" தவிர எந்த எழுத்தைப் போட்டாலும் நமக்குத் தெரிந்த ஊர் எதுவும் வராது. செல்லுபடியாகும் சொற்கள் ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில் இருந்தால், கொஞ்சம் பிசகி வந்ததை ஆகக் கிட்டிய சரியான சொல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பிழை திருத்தும் குறியீடுகள் எல்லாமே அந்தத் தூரத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறவைதான்.

ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட குறியீட்டைக் கையால் ஒருக்கா செய்து பாருங்கள், பிறகு மறக்காது. அனுப்ப வேண்டியது 1011. ஏழு கட்டம் கீறி, 3, 5, 6, 7ஆம் கட்டங்களில் இந்த நாலு பிட்டையும் வையுங்கள். 1, 2, 4ஆம் கட்டங்களில் காவலர்கள். ஒன்றாம் காவலருக்கு 1, 3, 5, 7 ஆகிய கட்டங்கள் பொறுப்பு. இரண்டாமவருக்கு 2, 3, 6, 7. நாலாமவருக்கு 4, 5, 6, 7. தன் குழுவில் இருக்கும் 1களின் எண்ணிக்கை இரட்டையாக வரும்படி ஒவ்வொருவரும் தன் பிட்டைத் தீர்மானிப்பார். கிடைப்பது 0110011. வழியில் ஆறாம் பிட் புரண்டு 0110001 என்று போய்ச் சேர்கிறது என்று வையுங்கள். வாங்கியவர் எண்ணிப் பார்க்கிறார். ஒன்றாம் காவலரின் குழு இரட்டை, சரி. இரண்டாமவரின் குழுவில் மூன்று 1கள், பிழை. நாலாமவரின் குழுவில் ஒரேயொரு 1, பிழை. முறைப்பாடு சொன்ன காவலர்களின் எண்களைக் கூட்டுங்கள்: 2 + 4 = 6. ஆறாம் பிட்டைப் புரட்டினால் காரியம் முடிந்தது. அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் தடவை இதைச் செய்து பார்த்தபோது நான் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன், அவ்வளவு பிடித்துப்போனது.

ஆனால் ஒன்று. இரண்டு பிட் புரண்டால் இதே கணக்கு வேறு ஓர் இடத்தைக் காட்டும்; நாம் நம்பி அதைப் புரட்டினால் மூன்றாவது பிழையையும் சேர்த்துவிடுவோம். திருத்திய பிறகும் சிஆர்சி போன்ற தனிச் சோதனை ஒன்று கட்டாயம் தேவைப்படுவது இதனால்தான்.

இனி, மீள அனுப்புதல் மட்டும் ஏன் காணாது என்று பார்ப்போம். 1500 பைட் பொதியில் 12,000 பிட். பிழைகள் தனித்தனியாகச் சிதறி விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 100,000 பிட்டுக்கு ஒன்று பிழையானால் பத்துப் பொதியில் ஏறத்தாழ ஒன்பது முழுசாக வரும். மற்றதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். 10,000க்கு ஒன்று என்றால் நூறில் 30தான் தப்பும். 1000க்கு ஒன்று ஆனால்? ஒரு பொதி முழுசாக வருவதற்குச் சராசரியாக 160,000 தடவைக்கு மேல் அனுப்ப வேண்டும். பிழை பத்து மடங்கு கூடினால் சிரமமும் பத்து மடங்கு கூடும் என்று மனம் நினைக்கும். நடப்பது அப்படியில்லை, இணைப்பே செத்துவிடுகிறது. இரண்டு கொங்கிரீட் சுவருக்கு அப்பால் இருக்கும் போனுக்கு, திருத்தத்துக்கு முன் 1000க்கு ஒன்று என்பது சாதாரண நிலைமை. குறியீடு முதலில் அந்தப் பிழைகளில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டால்தான் மிச்சத்தை மீள அனுப்புதல் பார்த்துக்கொள்ள முடியும்.

சரி, குறியீடு மட்டும் போதுமா? அதுவும் காணாது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் லிப்ட் கதவிலும் பட்டுத் தெறித்த அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், போனை ஆறு சென்டிமீட்டர் நகர்த்தினாலே வடிவாக இருந்த சிக்னல் குழிக்குள் விழலாம். குழி வரும் நேரத்தையும் ஆழத்தையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆக மோசமான குழிக்கும் தாக்குப்பிடிக்கும்படி குறியீட்டைக் கட்டினால், நல்ல நேரத்திலும் ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு மூன்று பிட் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் சில குழிகளில் எல்லாம் போய்விடும். பிட்டுகளைக் கலைத்துப்போட்டு அனுப்பினால், குழிக்குள் விழுந்த நாலு எழுத்து ஒரே சொல்லில் விழாமல் நாலு சொல்லில் ஒவ்வொன்றாக விழும், "பம்பலப்_ட்டி" மாதிரி வாசித்துவிடலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

திரும்பக் கேட்க வழியே இல்லாத இடமும் இருக்கிறது. காலி முகத்திடலில் நின்று பார்த்தால் தூரத்தில் கப்பல்கள் தெரியும். அவற்றில் நவ்டெக்ஸ் என்ற சிறு கருவி இருக்கும். 518 கிலோஹேர்ட்ஸில் வரும் வானிலை, கடல் எச்சரிக்கைகளை அது எழுத்தாக்கித் தரும். அந்த முறையில் ஓர் எழுத்துக்கு ஏழு பிட், அதில் எப்போதும் நாலு ஒரு வகை, மூன்று மற்ற வகை. எண்ணிக்கை மாறியிருந்தால் எழுத்து கெட்டுவிட்டது என்று உடனே தெரியும். ஒவ்வோர் எழுத்தும் இரண்டு தடவை வரும், ஆனால் அடுத்தடுத்து இல்லை, 280 மில்லிசெக்கன் இடைவெளி விட்டு. மின்னல் ஒரு பிரதியைக் கெடுத்தால் மற்றது தப்பிவிடும். இதே தொழில்நுட்பத்தில் ஒரு கப்பலும் ஒரு கரை நிலையமும் இரண்டு பேராகக் கதைக்கும்போது முறை மாறிவிடும். மூன்று எழுத்தை 210 மில்லிசெக்கனில் அனுப்பிவிட்டு நிறுத்திக் காது கொடுப்பார்கள். மறுபக்கம் "சரி" என்றால் அடுத்த மூன்று, "திரும்ப" என்றால் அதே மூன்று. 450 மில்லிசெக்கனுக்கு ஒரு சுற்று. ஒருவரோடு கதைக்கும்போது கேட்டு வாங்கலாம். கடலில் இருக்கும் எல்லாக் கப்பலுக்கும் சேர்த்துச் சொல்லும்போது யாருடைய "திரும்ப"வுக்குச் செவி கொடுப்பது?

மொட்டை மாடி டிஷ் அன்டெனாவுக்கும் இதே நிலைமை. அதற்குக் கேட்கும் காது மட்டும்தான் உண்டு, பேசும் வாய் இல்லை. தொடக்ககால டிஜிட்டல் சாட்டிலைட் முறையில் 188 பைட்டுக்கு 16 பைட் மேலதிகம் சேர்த்தார்கள். 8 பைட் வரை எந்த இடத்தில் கெட்டாலும் ரீட்-சாலமன் குறியீடு திருத்திவிடும். ஏப்ரல் மாதம் பின்னேரம் இடியோடு மழை கொட்டும்போது படம் கடைசி வரை வடிவாக நின்று, பிறகு ஒரேயடியாக உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். எட்டு வரை திருத்தும், ஒன்பதாவது பைட் கெட்டால் கைவிட்டுவிடும்.

இனி எனக்கு ஆகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பாடத்தில் இது ஒரு பந்தியில் முடிந்துபோகிறது. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு.

சாதாரண மீள அனுப்புதலில், கெட்டுப்போன பொதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பிரதிக்குக் காத்திருப்பார்கள். ஆனால் கெட்ட பொதிக்குள்ளும் விஷயம் இருக்கிறது. ரேடியோ வாங்கி 0 அல்லது 1 என்று உடனே முடிவு கட்டத் தேவையில்லை, எவ்வளவு உறுதியாகக் கேட்டது என்பதையும் எண்ணாக வைத்துக்கொள்ளலாம். மூன்று பிட் அனுப்புகிறோம் என்று வையுங்கள்: +, −, +. முதல் தடவை காதில் விழுந்தது +0.9, +0.1, −0.2. முதலாவது சரி, மற்ற இரண்டும் பிழை. திரும்ப அனுப்பச் சொன்னால் −0.1, −0.8, +0.6 என்று வருகிறது. இப்போது முதலாவது பிழை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பிரதியும் கெட்டவை, எறிந்திருந்தால் மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: +0.8, −0.7, +0.4. மூன்றும் சரி! உறுதியாகக் கேட்டது ஓங்கி நிற்கிறது, தயங்கித் தயங்கிக் கேட்டது அடங்கிவிடுகிறது. இரண்டு பிழையான கடிதங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு சரியான கடிதத்தை வாசிக்கிறோம்.

4ஜி போன் இதை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. கலப்பு மீள அனுப்புதல், ஹார்க் என்பார்கள். அதிலும் ஒரு படி மேலே போய், இரண்டாம் தடவை அதே பிட்டுகளை அனுப்பாமல், முதல் தடவை அனுப்பாது வைத்திருந்த திருத்தப் பிட்டுகளை அனுப்பலாம். 4ஜியின் டர்போ குறியீடு அடிப்படையில் ஒரு பிட்டுக்கு மூன்று பிட் உண்டாக்கும். எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டுவதில்லை. சிக்னல் நன்றாக இருந்தால் கொஞ்சம் போதும். அது போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். கறி கூட்டும்போது உப்பை அளவாகப் போட்டுவிட்டு, ருசி பார்த்துச் சேர்ப்பது போல. முதல் தடவையில் பத்துக்கு ஒன்று பிழையாகட்டும் என்றே வேகத்தைத் தீர்மானிப்பது வழக்கம். ஒன்றுமே பிழையாகவில்லை என்றால் தேவைக்கு மேல் உப்புப் போடுகிறோம் என்று அர்த்தம். பதில் வரும்வரை சும்மா இருப்பதுமில்லை. 4ஜியில் ஒரு பொதி போய், பதில் வந்து, திரும்ப அனுப்ப 8 மில்லிசெக்கன் ஆகும். அந்த இடைவெளியில் வேறு ஏழு பொதிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்.

டர்போ குறியீடு 1993இல் வந்தது. குளோட் பெரூவும் சகாக்களும் ஜெனீவாவில் அதை முன்வைத்தபோது, பிழையில்லாமல் அனுப்பக்கூடிய உச்ச வேகத்துக்கு 1948இல் குளோட் ஷானன் வகுத்த எல்லைக்கு யாரும் எதிர்பாராத அளவு கிட்டப் போயிருந்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1960இல், ராபர்ட் கலகர் எம்ஐடியில் தன் ஆய்வேட்டில் எல்டிபிசி என்ற குறியீட்டை எழுதி வைத்திருந்தார். அன்றைய கணினிகளால் அந்தக் கணக்கைத் தாங்க முடியவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் பெரும்பாலோர் அதை மறந்தே போனார்கள். இன்று 5ஜி போனில் தரவு வருவது அந்தக் குறியீட்டில்தான்.

இப்போது பெரியப்பாவின் குரல். ஒளி கண்ணாடி இழைக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் ஓடும். கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீட்டர். போய்வர 87 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள் வளைந்து வளைந்து போவதால் உண்மையில் அதைவிடக் கூட. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுத்தால் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி விழத் தொடங்குவார்கள். ஆகவே தொலைந்த குரல் துண்டை லண்டனிடம் திரும்பக் கேட்க நேரம் இல்லை. கிழிந்த இடத்திலேயே தைக்க வேண்டும், அதாவது உங்கள் ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே.

வைஃபை அதைத்தான் செய்கிறது. பொதி கிடைத்ததும் சில மைக்ரோசெக்கனில் "கிடைத்தது" என்ற ஒப்புகை வர வேண்டும். வராவிட்டால் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தின் உச்சவரம்பு இரட்டிக்கும். பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும் அடுக்குமாடியில் இந்தக் காத்திருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். குரல் 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வருகிறது. தன் முறை தப்பிய பிறகு வந்த துண்டைப் போன் எறிந்துவிடும். ஆகவே உங்கள் பெரியப்பாவின் குரல் வெட்டுவது பெரும்பாலும் பிட் பிழையாக வந்ததால் இல்லை, சரியான பிட் பிந்தி வந்ததால். கோப்புக்குக் காத்திருக்கும் பொறுமை உண்டு, குரலுக்கு இல்லை. குரல் செயலிகளில் பயன்படும் ஓபஸ் என்ற முறையில், ஒரு துண்டுக்குள் முந்திய துண்டின் மட்டமான பிரதி ஒன்றையும் வைத்து அனுப்ப வசதி உண்டு. தொலைந்ததைக் கேட்காமலே ஓரளவு நிரப்பிக்கொள்ளலாம்.

கோப்பு இறக்கும்போதும் அருகிலேயே தைப்பது முக்கியம். இணையத்தின் டிசிபி முறை பொதி தொலைந்தால், வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். வீதியில் உண்மையாகவே நெரிசல் என்றால் அது சரியான முடிவு. வீதி வெறிச்சோடிக் கிடக்க, சுவர் ஒன்று பொதியைத் தின்றதற்கும் மெதுவாகப் போவது வீண்.

மீள அனுப்புதல் இலவசம் என்று நான் நம்பிய காலமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேலியகொடையில் ஒரு களஞ்சியத்துக்கு வைஃபை போட்டோம். மூலையில், இரும்பு ராக்கைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பார்கோடு கருவி அடிக்கடி விட்டுப்போனது. நான் மீள முயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டேன். அந்தக் கருவி வேலை செய்யத் தொடங்கியது, மற்ற எல்லாம் இழுபட்டன. 1500 பைட் பொதி 54 மெகாபிட்டில் காற்றில் கால் மில்லிசெக்கன் கூட நிற்காது. ஒன்று மெகாபிட்டுக்கு இறங்கினால் 12 மில்லிசெக்கன் பிடிக்கும். அந்த ஒரு கருவி அந்த வேகத்தில் ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்பச் சொல்லும்போது மற்ற எல்லாரும் வாய்மூடி நிற்க வேண்டியிருந்தது. அக்சஸ் பொயின்டை நாலு மீட்டர் தள்ளி வைத்ததும் சரியாகியது. உங்கள் அறைக்கும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்: ரவுட்டரை நடுவே கொண்டுவாருங்கள், சுவர் ஒன்றுதான் என்றால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள்.

உங்கள் வாய்க்கால் கருவிக்கு வருவோம். லோராவில் 4/5 முதல் 4/8 வரை, அதாவது நாலு பிட்டை ஐந்து முதல் எட்டு பிட் வரை ஆக்கி அனுப்பும்படி, தெரிவு செய்யலாம். 4/7, 4/8இன் உள்ளே இருப்பது மேலே கையால் செய்தோமே, அந்த ஹாமிங் வகைதான்; 4/5, 4/6 பிழையைக் காட்டிக்கொடுக்கும், திருத்தாது. ஆக மெதுவான அமைப்பில் ஒரு சிறு செய்தியே காற்றில் ஒரு செக்கன் அளவு நிற்கும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒப்புகை கேட்காதீர்கள். எல்லாச் செய்திகளையும் வாங்கும் நுழைவாயில் கருவி ஒப்புகை சொல்லும் நேரத்தில் அதற்கு வேறு யாரும் சொல்வது கேட்காது. அதற்குப் பதில், ஒவ்வொரு செய்தியிலும் புதிய அளவோடு முந்திய இரண்டு அளவுகளையும் வையுங்கள், மேலதிகமாக நாலு பைட்தான். ஐந்தில் ஒரு செய்தி தொலைந்தாலும், ஓர் அளவு முற்றாகத் தொலைய மூன்று செய்தியும் தொலைய வேண்டும். அது 125க்கு ஒன்று. நீர்மட்டம் மெல்ல ஏறுகிற பொருள், இவ்வளவு காணும்.

வெள்ள எச்சரிக்கை அப்படியில்லை. அதற்கு மட்டும் ஒப்புகை கேளுங்கள், வரும்வரை மீள அனுப்புங்கள். செய்தி போய்ச் சேர்ந்து ஒப்புகை மட்டும் தொலையலாம். அப்போது ஒரே எச்சரிக்கை இரண்டு தடவை வரும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தொடர் எண் போடுங்கள், வாங்கும் பக்கம் அதைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். மழை கொழும்பு முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டும். எல்லாக் கருவிகளும் ஒரே நிமிடத்தில் கத்தத் தொடங்கி, மோதி, ஒரே நேரம் காத்திருந்து, திரும்ப மோதும். 1971இல் ஹவாய் தீவுகளை ரேடியோவால் இணைத்த நோர்மன் ஏப்ரம்சனின் அலோஹா முறையில் இதற்கு மருந்து, ஒவ்வொருவரும் எழுந்தமானமாக ஒரு நேரம் காத்திருப்பது. அப்படிச் செய்தும், கேட்டுப் பாராமல் நினைத்த நேரத்தில் அனுப்பும் அந்த முறையில் காற்றின் நேரத்தில் 18 சதவீதம்தான் உச்சமாகப் பயன்படும். ஆகவே காத்திருப்பைத் தாராளமாக வையுங்கள், ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டியுங்கள். அந்த எழுந்தமான எண்ணை உண்டாக்கும் நிரலுக்கு எல்லாக் கருவிப் பலகைகளிலும் ஒரே விதையை, அதாவது ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்துவிட்டால், எல்லாமே ஒரே "எழுந்தமான" நேரம் காத்திருந்து ஒன்றாகக் கத்தும். பல பலகைகளின் சிப்பில் தனி அடையாள எண் இருக்கும். அதையே விதையாகக் கொடுங்கள்.